கல்லின் சூடு வேறு, தீயின் சூடு வேறு

வெளியே வைத்துப் பயன்படுத்தும் சிறிய பீட்சா அடுப்பை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “நிஜமாகவே ஹோட்டலில் கிடைப்பது மாதிரி வருமா?” என்றுதான். வரும். ஆனால் வாங்கிய வாரமே வந்துவிடாது. 450 டிகிரி, 500 டிகிரி என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது இரண்டு சூடு. கீழே கல்லின் சூடு, மேலே தீயின் சூடு. பீட்சாவின் அடியை வேகவைப்பது கல், மேல்புறத்தை வேகவைப்பது தீ. இரண்டும் ஒரே நேரத்தில் வேலையை முடிக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இதில் பழக வேண்டியது. எனக்குப் பிடிபட்டதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில், இவ்வளவு சூடு எதற்கு? சமையலறை ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் பீட்சா வேக எட்டு, பத்து நிமிடம் ஆகும். அதற்குள் மாவிலுள்ள ஈரம் வற்றி, விளிம்பு கடினமாகிவிடும். நேப்பிள்ஸ் நகரில் 1984இல் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் அந்த ஊர்ப் பீட்சாவுக்கு விதிமுறை வகுத்து வைத்திருக்கிறது. அவர்கள் கணக்குப்படி அடுப்பின் தரை 380 முதல் 430 டிகிரி செல்சியஸ், மேற்கூரை 485 டிகிரி, வேகும் நேரம் 60 முதல் 90 நொடி. அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் விளிம்பு உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்து, உள்ளே மட்டும் மெத்தென்று ஈரத்தோடு இருக்கும். இதற்குக் காரணம் எளிய இயற்பியல். கதிர்வீச்சாக வரும் வெப்பம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் கூடாது, கெல்வின் அளவில் நான்காம் அடுக்காகக் கூடும். 250 டிகிரிக் கூரையையும் 485 டிகிரிக் கூரையையும் ஒப்பிட்டால், இரண்டாவது நான்கு மடங்குக்கும் மேலான வெப்பத்தைக் கீழே பொழிகிறது. சமையலறை ஓவனில் இன்னும் கொஞ்ச நேரம் கூட வைத்தால் சரியாகிவிடும் என்பது அதனால்தான் நடப்பதில்லை.

கேஸ், விறகு, பெல்லட் எனப்படும் மரத்தூள் குச்சி, கரி என்று பல எரிபொருளில் இந்த அடுப்புகள் கிடைக்கின்றன. என்னிடம் இருப்பது கேஸில் எரியும் 12 அங்குல அடுப்பு. விறகின் மணம் வராதே என்று சிலர் குறைப்படுவார்கள். ஒன்றரை நிமிடத்தில் வெந்து வெளியே வரும் பண்டத்தில் புகை மணம் ஏறுவது மிகக் குறைவு. என் நாக்குக்கு வித்தியாசமே தெரியவில்லை. விறகு எரிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாவைப் பரப்பிக்கொண்டே தீயையும் ஊட்டிக்கொண்டிருக்க இன்னொரு ஆள் வேண்டும். தனியாகச் செய்கிறவர்களுக்கு கேஸ்தான் என்பேன். அளவைப் பொறுத்தவரை, இடமும் பணமும் இருந்தால் 16 அங்குலம் நல்லது. பெரிய பீட்சா செய்வதற்காக அல்ல. அதே சிறிய பீட்சாவைத் தீயிலிருந்து தள்ளி வைக்கவும் திருப்பவும் உள்ளே இடம் கிடைக்கும்.

அடுப்போடு சேர்த்துக் கட்டாயம் வாங்க வேண்டியது ஒன்றுதான்: துப்பாக்கி மாதிரி நீட்டிக் குறிபார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். 500 டிகிரிக்கு மேல் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான சிலவற்றின் அளவு 380 டிகிரியோடு முடிந்துவிடும். அடுப்பிலேயே பொருத்தியிருக்கும் மானி பெரும்பாலும் உள்காற்றின் சூட்டைத்தான் சொல்லும், கல்லின் சூட்டைச் சொல்லாது. பதினைந்து நிமிடத்தில் தயார் என்று கையேடு சொல்லும்போது காற்று தயார், கல் தயாரில்லை. கல்லின் மேற்பரப்பு சூடேறியிருந்தாலும் உள்ளே ஏறியிருக்காது. முதல் பீட்சாவை வைத்ததும் சட்டென்று இறங்கிவிடும். நான் குறைந்தது அரைமணி நேரம் சூடாக்குகிறேன். பிறகு மூன்று இடங்களில் அளக்கிறேன்: வாய்ப் பக்கம், நடு, தீக்குப் பக்கத்தில். தீக்கருகே உள்ள கல் வாய்ப் பக்கத்தைவிட 80, 100 டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். நான் நம்புவது நடுவின் எண்ணை. அது 400ஐ ஒட்டி இருக்கும்போதுதான் பீட்சா உள்ளே போகும்.

450ஐத் தாண்டிவிட்டால்? கேஸை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால், மேலே சீஸ் உருகுவதற்கு முன்பே அடி கரியாகிவிடும். கல் 330இலேயே இருக்கும்போது முழுத்தீயில் போட்டால் நேர்மாறாக நடக்கும்: விளிம்பு கருகியிருக்கும், தூக்கிப் பார்த்தால் அடி வெளுத்துக் கிடக்கும். எந்தப் பீட்சா சரியாக வராவிட்டாலும் இந்த இரண்டில் எது என்று பாருங்கள். அடி கருகி மேலே வேகவில்லையென்றால் கல் அதிகம், தீ குறைவு. மேலே கருகி அடி வேகவில்லையென்றால் தீ அதிகம், கல் குறைவு. மாவைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த அடுப்புகளில் பொதுவாக இருப்பது கார்டியரைட் என்ற பீங்கான் வகைக் கல். சூட்டில் அதிகம் விரியாது, அதனால் திடீர்ச் சூட்டையும் குளிர்ச்சியையும் தாங்கும். வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதும் அதன் நல்ல குணம்தான். சமையலறை ஓவனில் இரும்புத் தகடு வைத்துப் பழகியவர்கள், அதையே இங்கேயும் போட்டால் இன்னும் நன்றாக வருமே என்று நினைப்பார்கள். 250 டிகிரியில் இரும்பு அருமையானது. 400 டிகிரியில் அது வெப்பத்தை அவ்வளவு வேகமாக மாவுக்குள் தள்ளுவதால் அடி நொடிகளில் கருகும்.

இனி மாவு. நேப்பிள்ஸ் பாணியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கும்தான். எண்ணெயும் சர்க்கரையும் சமையலறை ஓவனுக்கான செய்முறைகளில் வரும். அங்கே நிறம் வர அவை உதவுகின்றன. 400 டிகிரிக்கு மேல் சர்க்கரை கருகல்தான் தரும். மாவுப் பையில் மால்ட், அதாவது முளைகட்டிய தானியப் பொடி, சேர்த்ததாக எழுதியிருந்தாலும் இதே கதி. இத்தாலிய ‘00’ கோதுமை மாவு நன்றாக வரும், ஆனால் 00 என்று போட்டிருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். அந்த எண் மாவு எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது என்பதைச் சொல்லும், வலுவைச் சொல்லாது. கேக்குக்கு ஏற்ற 00 மாவும் உண்டு. பையின் பின்பக்கம் திருப்பி, புரதம் 12 முதல் 13 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு பீட்சாவுக்கு என் அளவு: மாவு 606 கிராம், தண்ணீர் 376 கிராம், உப்பு 17 கிராம், உலர் ஈஸ்ட் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். மாவை நூறு என்று வைத்தால் தண்ணீர் 62, உப்பு 2.8, ஈஸ்ட் 0.2. இதில் 250 கிராமில் நான்கு உருண்டை வரும். எண்கள் ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று கேட்டால், உருண்டையின் எடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது அது. இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நீங்களே கணக்குப் போடலாம். ஈஸ்ட்டை மட்டும் கரண்டியில் அளக்காதீர்கள். ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரை 70 சதவீதம் வரை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விளிம்பு இன்னும் திறந்து வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த மாவு கையிலும் தட்டிலும் ஒட்டும். அடுப்பு பழகும் வரை 60, 62இலேயே நில்லுங்கள்.

பிசைந்து, வெளியே ஒரு மணி நேரம் வைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். இந்தக் காத்திருப்பில்தான் சுவை வருகிறது. குளிரில் ஈஸ்ட் மெதுவாகிவிடும், ஆனால் நொதிகள் மாவுச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குளிரில் ஊறிய மாவில் நிறமும் கரும்புள்ளிகளும் நன்றாக விழுகின்றன. சமையலறையே 30 டிகிரியில் இருந்தால் ஐஸ் தண்ணீரில் பிசைந்து, ஈஸ்ட்டைப் பாதியாக்கி, வெளியே வைக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். சுடுகிற நாளன்று உருண்டை பிடித்து, மூடி போட்ட டப்பாவில் இடைவெளி விட்டு வையுங்கள். சுடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வெளியே வந்திருக்க வேண்டும். சில்லென்று இருக்கும் மாவு இழுத்தால் சுருங்கும், அல்லது கிழியும். உள்ளே போனதும் பெரிய பெரிய குமிழாக எழும்பி, தீயைத் தொட்டுக் கருகும்.

பரப்புவதற்குக் கட்டை வேண்டாம், கை போதும். நடுவிலிருந்து வெளியே விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போய், ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் காற்று ஓரத்துக்கு நகர்ந்து, அங்கேதான் உப்பும். கட்டையை உருட்டினால் அந்தக் காற்று முழுக்க வெளியே போய்விடும். இரண்டு நாள் காத்திருந்தது எதற்கு? 12 அங்குல அடுப்பென்றால் பீட்சா பத்து அங்குலத்தோடு நிற்கட்டும். தீப் பக்கம் கொஞ்சம் இடம் இல்லாவிட்டால் திருப்புவதற்குள் ஒரு ஓரம் போய்விடும்.

மேலே போடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: குறைவாக. பத்து அங்குலப் பீட்சாவுக்குத் தக்காளி 70 கிராம், சீஸ் 80 கிராம் என்றால் பார்ப்பதற்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றரை நிமிடத்தில் அதற்கு மேல் இருக்கும் ஈரம் ஆவியாக நேரமில்லை, நடுவில் குளமாகத் தேங்கிவிடும். தோலுரித்த டின் தக்காளியைக் கையால் நசுக்கி உப்புப் போட்டால் போதும். அடுப்பில் வேகப்போவதை முன்பே கொதிக்கவைத்தால் புதுச்சுவை போய்விடும். தண்ணீரில் வரும் புது மொஸரெல்லாவைக் கிழித்து, வடிகட்டியில் போட்டு, ஃப்ரிட்ஜில் சில மணி நேரமாவது வடியவிட வேண்டும். காளான், குடமிளகாய் போன்றவற்றை வாணலியில் வதக்கி ஈரத்தைப் போக்கிவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் பச்சையாகவே வெளியே வரும்.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் கட்டம்: பீட்சாவைத் தட்டையான துடுப்பிலிருந்து கல்லுக்குத் தள்ளுவது. பயத்துக்கு நியாயம் உண்டு. ஒட்டிக்கொண்டால் சாஸும் சீஸும் கல்லில் கொட்டிப் புகைந்துவிடும். இங்கே எல்லாமே நேரம்தான். மாவைத் துடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக அலங்காரம் செய்யாதீர்கள். சாஸின் ஈரம் மாவில் இறங்க ஒரு நிமிடம் போதும், அப்புறம் அது நகராது. நான் மேடையிலேயே எல்லாவற்றையும் போட்டு முடித்து, கடைசியில் துடுப்புக்கு இழுத்து, ஓரத்தைச் சரிசெய்து, ஒரு முறை குலுக்கிப் பார்க்கிறேன். பீட்சா முழுவதும் ஒன்றாக நகர்ந்தால் உடனே அடுப்புக்கு. ஒரு மூலை மட்டும் நகராமல் நின்றால், அந்த ஓரத்தைத் தூக்கிக் கீழே கொஞ்சம் மாவு தூவி, மறுபடி குலுக்கிப் பார்த்த பிறகுதான். அதற்காக அள்ளித் தூவ வேண்டாம். மிஞ்சிய மாவு கல்லில் எரிந்து, அடுத்த பீட்சாவின் அடியில் கசப்பாக ஒட்டும். துளைகள் உள்ள உலோகத் துடுப்பு இதற்கு நல்ல தீர்வு, மிச்ச மாவு கீழே உதிர்ந்துவிடும். உள்ளே வைத்ததும் துடுப்பைச் சட்டென்று பின்னுக்கு இழுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் வட்டம் நீள்வட்டமாகும். அப்படியும் ஒட்டித்தான் தீருவேன் என்றால் துடுப்பிலேயே பாதியாக மடித்து ஓரத்தை அழுத்தி மூடிவிடுங்கள். அதற்கு கல்ஸோனே என்று ஒரு மரியாதையான பெயரே இருக்கிறது! மூடியதைக் கொஞ்சம் குறைந்த தீயில், கூடுதல் நேரம் வேகவிட வேண்டும்.

பீட்சா உள்ளே போனதும் தீயைக் குறைக்கிறேன். இது தலைகீழாகத் தோன்றும், சூடு வேண்டும் என்றுதானே இவ்வளவும்? ஆனால் கல் தன் சூட்டை ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கிறது. அடி வேக அது போதும். மேலே அடிக்கும் தீயைக் குறைத்தால் இரண்டும் ஒன்றாக முடியக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். முதல் இருபது நொடி தொடக் கூடாது, அடி இறுகட்டும். பிறகு சின்ன வட்டத் துடுப்பால் கால் சுற்று, பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு தடவை. எண்ணிக்கொண்டிருப்பதைவிடத் தீப் பக்க ஓரத்தையே கண் வைத்துப் பார்ப்பது மேல். அது பொன்னிறத்தைத் தாண்டிப் புள்ளி விழ ஆரம்பித்தால் திருப்பும் நேரம். முடிவில் ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள். அடி தயாராகி மேலே இன்னும் வெளுப்பாக இருந்தால், பீட்சாவைத் துடுப்பிலேயே கல்லிலிருந்து உயர்த்தி, சில நொடி கூரைக்கருகே பிடியுங்கள். அந்த நேரத்தில் போனை எடுக்கவோ பக்கத்தில் பேசவோ கூடாது. பத்து நொடி அசந்தால் ஒரு பீட்சா போய்விடும்.

வெளியே எடுத்ததும் தட்டில் வைத்தால் ஆவி அடியில் சிக்கி நமநமவென்று ஆகிவிடும். கம்பி அடுக்கில் ஒரு நிமிடம் விட்டுப் பிறகு வெட்டுகிறேன். அதற்குச் சமையலறைக் கத்தரிக்கோல் உருளும் கத்தியைவிட எனக்கு வசதி.

விருந்தினர் வரும் நாளில்தான் ஹோட்டல் அடுப்புக்கும் நம் அடுப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அங்கே செங்கல்லும் கல்லுமாகப் பெரிய கனம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருக்கலாம். நம்முடையது விரற்கடைத் தடிமன் கூட இல்லாத கல். ஒவ்வொரு பீட்சாவும் அதன் சூட்டைக் கணிசமாக உறிஞ்சிவிடும். அடுத்ததற்கு முன் முழுத்தீயில் நான்கைந்து நிமிடம் விட்டு, மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அதனால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு இது சரிப்படாது. வந்ததும் வெட்டி, நின்றுகொண்டே ஆளுக்கொரு துண்டு என்றால் யாருக்கும் சலிப்பிருக்காது, எல்லோருக்கும் சூடாகவும் கிடைக்கும். அடுத்த உருண்டையைப் பரப்புவதற்கு அந்த நான்கைந்து நிமிடம் சரியாக இருக்கும். முன்கூட்டியே நான்கையும் பரப்பி வைத்துவிடாதீர்கள், மேடையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எல்லோருக்கும் புள்ளி விழுந்த மெத்தென்ற விளிம்பு பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டிலேயே கருத்து வேறுபாடு உண்டு. மொறுமொறுப்பாக, கையில் பிடித்தால் தொங்காமல் வேண்டும் என்கிறவர்களுக்கு நியூயார்க் பாணி ஏற்றது. கல் 320 டிகிரி, தீ மிகக் குறைவு, ஐந்து நிமிடம். இந்தச் சூட்டில் மாவில் கொஞ்சம் எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஈரம் குறைந்த, துருவும் வகை மொஸரெல்லாதான் இதற்குப் பொருத்தம். சுடுவதற்கும் இதுவே எளிது, பதற்றம் பாதியாகக் குறையும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கினாலும் தப்பில்லை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விளையாட்டு இல்லை. திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்துங்கள். கதவைத் திறந்து வைத்த கராஜ், மூடிய பால்கனி, கூடாரம் எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பொருத்தும்போதெல்லாம் ரெகுலேட்டர், குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். மேசை தீப்பிடிக்காததாக, ஆடாததாக இருக்கட்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் தீ வாய்வழியாக வெளியே எட்டிப் பார்க்கும், சில சமயம் அணைந்தும் போகும். அன்று சமையலறை ஓவனிலேயே செய்துகொள்வது உத்தமம். அணைத்த பிறகும் உடலும் கல்லும் வெகுநேரம் சுடும் என்பதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கல்லைக் கழுவக் கூடாது. உறிஞ்சிய தண்ணீரோடு சூடாக்கினால் விரிசல் விடலாம். கொட்டியது எரிந்து சாம்பலாகும் வரை முழுத்தீயில் விட்டு, முழுவதும் ஆறிய பிறகு தூரிகையால் துடைத்தால் போதும். கறை போகாது, போக வேண்டியதும் இல்லை. அடுப்பின் அமைப்பு அனுமதித்தால் அடுத்த முறை கல்லைத் திருப்பிப் போடுங்கள். கீழே போன பக்கத்தைத் தீயே சுத்தம் செய்துவிடும். மழையில் நனைந்துவிட்டால் முதலில் குறைந்த தீயில் நன்றாக உலரவிட்டு, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். மிஞ்சிய மாவு உருண்டைகளை எண்ணெய் தடவிய டப்பாவில் ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, சுடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். புதிய மாவின் அளவுக்கு உப்பாது, ஆனால் நியூயார்க் பாணிக்கு தாராளமாகப் போதும்.